ஓடு தொடாத சுவர்

விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சுவர்கள் கூரையைத் தொட்டதில்லை. இதைச் சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். "அப்ப அது வீடா, தடுப்பா?" என்கிறாள். வீடுதான். அதில் சமைத்தோம், படுத்தோம், தீபாவளிக்குப் புதுத்துணி உடுத்தினோம். ரேஷன் கார்டில் கதவு எண் கூட இருந்தது.

ஆனால் அது வீடாகப் பிறக்கவில்லை. ரயில் கூட்ஸ் ஷெட்டின் மதிலுக்குப் பின்னால் நீளமாகக் கிடந்த ஒரு மல்லாட்டைக் கிடங்கு அது. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பெயர். மண்டிக்காரர் வேறு இடத்தில் பெரிதாக ஒன்று கட்டிக்கொண்டு, பழையதை வீணாக விடுவானேன் என்று உள்ளே குறுக்குச் சுவர்கள் எழுப்பி வாடகைக்கு விட்டார். சுவர் ஒன்றரை ஆள் உயரம். அதற்கு மேல், ஓட்டுக் கூரை வரைக்கும், வெறும் இருட்டு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு குடித்தனங்கள். ஏன் சுவரை மேலே வரைக்கும் ஏற்றவில்லை என்று கேட்டவர்களிடம், "காத்து வர வாணாமா?" என்றார் அவர். அவருடைய வீட்டில் காற்று ஜன்னல் வழியாக வந்தது. எங்களுக்கு ஜன்னல் கிடையாது. மூட்டைக்கு எதற்கு ஜன்னல்?

அப்பா அவருடைய மண்டியில் எடை போடுகிறவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தை விட்டு வந்த எங்களுக்கு அந்த வீடு கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டம் என்று பேசிக்கொண்டார்கள். வந்த முதல் வாரம் அம்மா சாணி போட்டு மெழுகிப் பார்த்தாள், சுண்ணாம்பு அடித்துப் பார்த்தாள். மல்லாட்டை வாசனை போகவில்லை. பெருச்சாளிகளும் போகவில்லை. அவை எங்களுக்கு முன்பே குடிவந்தவை, சுவர் மேல் ஏறி ஆறு வீட்டுக்கும் பொதுவாக நடந்துகொண்டிருந்தன.

சுவருக்கு மேலே எல்லாம் வந்தது. புகை, தாளிக்கிற வாசனை, இருமல், குழந்தை அழுகை, கணவன் மனைவி பேச்சு. கதவுகளோ எல்லாம் ஒரே பக்கம் பார்த்தவை. திறந்தால் எதிரே ரயில்வே மதில்தான். பக்கத்து வீட்டில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும். எட்டிப் பார்ப்பவளுக்கு அந்த வரிசையில் நல்ல பெயர் இருக்காது. ஆக, எல்லாம் கேட்கும், எதுவும் தெரியாது. இப்படிப்பட்ட ஒரு கட்டடத்தில் மனிதர்களைப் போட்டு வைத்தால் என்ன ஆவார்கள் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். ஒருவரும் யோசிக்கவில்லை.

நாங்கள் மாறினோம். ஊரில் நாலு கழனிக்கு அப்பால் நிற்கிறவரைக் கூப்பிட்டுப் பழகிய அப்பா, புருவத்தாலேயே தண்ணீர் கேட்கக் கற்றுக்கொண்டார். நானும் அண்ணனும் வாயைத் திறக்காமல் சண்டை போட்டோம். கிள்ளுவோம், கடிப்போம், அழுகிறவள் கூடச் சத்தமில்லாமல் அழ வேண்டும். ஊரிலிருந்து மாமா வந்து கூடத்தில் உட்கார்ந்து வெண்கலத் தொண்டையில் குடும்ப விஷயம் பேசும்போது அம்மா நெருப்பின் மேல் நிற்பது போல் நிற்பாள். "மெதுவா அண்ணே, மெதுவா" என்று கைகாட்டுவாள். அவருக்குப் புரியாது. "இன்னாத்துக்கு மெதுவா? நாம இன்னா திருடிக்கினா வந்தோம்?" என்று இன்னும் உரக்கக் கேட்பார்.

வரிசைக்கென்று மரியாதைகள் இரண்டு இருந்தன. யாரும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் குழந்தைக்குக் கூடத் தெரியும். ஒன்று, பக்கத்து வீட்டில் வாக்குவாதமோ அழுகையோ எழுந்தால் மற்றவர்கள் உடனே வேலைச் சத்தம் எழுப்ப வேண்டும். ஒருத்தி உரலில் இடிப்பாள், ஒருத்தி பாத்திரம் தேய்ப்பாள். நாங்கள் கேட்கவில்லை, நீங்கள் உங்கள் பாட்டைப் பாருங்கள் என்று அதற்கு அர்த்தம். இரண்டாவது, உதவி வேண்டுமென்றால் சுவரைத் தட்ட வேண்டும். செம்பின் அடியால், கரண்டிக் காம்பால், எதனாலோ. தட்டினால் யாராக இருந்தாலும் ஓடிவருவார்கள். தட்டாத வரையில், காதில் விழுந்தது எதுவும் விழுந்ததாகக் கணக்கில்லை.

அம்மா இந்த இரண்டாவது மரியாதையை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டாள். நாங்கள் வந்த புதிது. கடைசி வீட்டில் ஒருவன் தன் மனைவியை அடித்துக்கொண்டிருந்தான். அவள் "யாராச்சும் வந்து கேளுங்களேன்" என்று கதறினாள். வரிசை முழுக்க உரல் சத்தமும் பாத்திரச் சத்தமும் கிளம்பிற்று. கிராமத்துக்காரியான அம்மாவுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. ஈரக்கையோடு ஓடிப்போய் அந்தக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தது அடிபட்டவள்தான். உதடு கிழிந்திருந்தது.

"உன்ன யாரு கூப்ட்டா? நானு செவுத்த தட்னேனா?" என்று கேட்டாள்.

பின்னால் கணவன் நின்றான். அதன் பிறகு வெகுநாள் கிணற்றடியில் அம்மாவுக்கு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. அவள் வந்ததும் பேச்சு நின்றுபோகும். ஒட்டுக்கேட்கிறவள் என்ற பெயரைவிடப் பெரிய அவமானம் அந்த வரிசையில் இல்லை. அந்தப் பெயர் மறைவதற்கு அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். எங்கே எந்தச் சத்தம் கேட்டாலும் முதலில் உரல் பிடிக்கிறவள் அவளாகிவிட்டாள்.

அந்தக் காலத்தில் அவளோடு பேசிய ஒரே ஆள் பக்கத்து வீட்டு முகையூர்க்காரி. அம்மாவைவிட இளையவள், அம்மாவை அக்கா என்பாள், அதனால் எனக்கும் அண்ணனுக்கும் சித்தி. வேதக்காரக் குடும்பம். கணவர் ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிற ஃபயர்மேன். லைனில் போனால் ஒருநாள் இரண்டுநாள் வரமாட்டார். சித்தி தனியாக இருக்கும் பகல்களில் மாதா கோயில் பாட்டை முனகிக்கொண்டே வேலை செய்வாள். நாங்களும் தனியாக இருப்போம். அவள் சுவரைத் தட்டுவாள், அம்மா திருப்பித் தட்டுவாள். அப்புறம் இருவரும் முகம் பார்க்காமல் சுவருக்கு இப்பாலும் அப்பாலும் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். தட்டிவிட்டால் அது பேச்சு, யார் கேட்டாலும் குற்றமில்லை. என் அம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்டது அந்தச் சுவரடியில்தான்.

சித்திக்குக் குழந்தை தங்கவில்லை. இரண்டு முறை ஆரம்பத்திலேயே கலைந்துவிட்டது. மூன்றாவது தங்கியது. ஆறு தாண்டி ஏழாம் மாதம் தொடங்கியதும் அம்மாவுக்கே வயிற்றில் பிள்ளை இருப்பது போல ஒரு பூரிப்பு. கேப்பைக் களி கிண்டினால் ஒரு உருண்டை சித்திக்கு, கீரை கடைந்தால் ஒரு கிண்ணம் சித்திக்கு. பிரசவத்துக்கு முகையூருக்குப் போக மாட்டேன், அங்கே தாயில்லை, அண்ணியிடம் பேச்சு வாங்க முடியாது என்று சித்தி சொல்லிவிட்டாள்.

"நானு இருக்கேன் இல்ல? ராவோ பகலோ, வலி எடுத்தா செவுத்த ஒரு தட்டு தட்டு. அடுப்புல எது இருந்தாலும் வுட்டுட்டு ஓடியாந்துடுறேன்" என்றாள் அம்மா.

"மறந்துடாதக்கா."

"மறப்பேனா? நீ தட்ட மறந்துடாத."

அந்த ஏழாம் மாதத்திலேயே ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. விதை மல்லாட்டை உரிக்கிற பருவம். மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், வரிசையில் எல்லா வீட்டிலும் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து உரிப்போம். மத்தியானச் சாப்பாடு முடிந்து அம்மாவும் நானும் உரித்துக்கொண்டிருந்தோம். காலையில் பக்கத்து வீட்டில் ஃபயர்மேன் சித்தப்பாவின் குரல் கேட்டது. லைனிலிருந்து திரும்பியிருந்தார். எதற்கோ சலித்துக்கொண்டார், சித்தி பதில் சொன்னாள், பிறகு அமைதி. அவர் அதற்கப்புறம் கடைத்தெருவுக்குப் போனது எங்களுக்குத் தெரியாது. அந்த வரிசையில் ஆண்கள் கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வெளியே போவார்கள். வருவது போவது அடுத்தவர் காதில் விழக்கூடாது என்று அப்படி ஒரு பழக்கம். கதவுகளும் எண்ணெய் போட்டு வைத்தவை.

முதலில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு சித்தியின் குரல். "ஐயோ" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ஐயோ... யாராச்சும் வாங்களேன்."

அம்மாவின் கை நின்றது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த அந்த இடத்தை, சித்தி எப்போதும் தட்டுகிற இடத்தை.

"அம்மா, சித்தி கூப்புடுறாங்க."

"தட்டுல" என்றாள் அம்மா. "அந்த ஆளு உள்ளதான் இருக்காரு. காலையிலேயே ஏதோ பேஜாரு. புருசன் பொண்டாட்டி விசயம், நீ உரி."

"அழுவுறாங்கம்மா."

"தட்டுனா போவலாம். உரிடி."

கடைசி வீட்டில் ஆட்டுக்கல் சுற்றத் தொடங்கியது. அதற்கு அடுத்த வீட்டில் கேப்பை இடிக்கிற சத்தம். எதிர்ப்பக்கத்துச் சுவருக்கு அப்பால் யாரோ அண்டாவைத் தேய்த்தார்கள். அம்மா உரித்த பருப்பை முறத்தில் அள்ளிப் போட்டுப் புடைத்தாள். தோல் பறக்கப் பறக்கப் புடைத்தாள். ஆறு வீடும் ஒரு சந்தை போல இரைந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே சித்தியின் குரல் ஒன்றிரண்டு முறை மேலே வந்தது, பிறகு வரவில்லை.

"பாரு, ஓஞ்சிட்டாங்க" என்றாள் அம்மா. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். நல்லபடியாக நடந்துகொண்ட நிம்மதி அவள் முகத்தில் இருந்தது.

அடுத்து வந்தது சித்தப்பாவின் அலறல். வரிசையில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் அதுவரை எழுப்பியதில்லை. ஆட்டுக்கல் நின்றது, உரல் நின்றது. அவர் சுவரைத் தட்டவில்லை, இரண்டு கைகளாலும் அறைந்தார். கதவுகளெல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. அம்மா மடியிலிருந்த முறத்தைத் தள்ளிவிட்டு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

சித்தி வீட்டின் நடுவில் கிடந்தாள். தவலைத் தண்ணீர் கொட்டித் தரை வழுக்கியிருக்கிறது. இரண்டு பக்கத்துச் சுவரும் அவளுக்கு எட்டவில்லை. எங்கள் சுவரைப் பார்த்துக் கொஞ்ச தூரம் நகர்ந்திருந்தாள் என்பது தரையைப் பார்த்தாலே தெரிந்தது. அதற்கு மேல் முடியவில்லை. என்னை யாரோ கண்ணைப் பொத்தி வெளியே தள்ளினார்கள்.

குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா சித்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். சித்தி பிழைத்தாள். ஆண் குழந்தை. அழவே இல்லையாம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்களாம். இதெல்லாம் அப்பா பிறகு சொன்னது. அம்மா எங்களிடம் அந்த நாளைப் பற்றிக் கடைசிவரை பேசியதில்லை.

சித்தி வீடு திரும்பிய பிறகு அம்மா அவளைப் பார்க்கப் போனாள். களி கிண்டி எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். சித்தி பாயில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் காலடியில் உட்கார்ந்து, "நானு கேட்டேன்டி" என்றாள். "கேட்டுக்கினே உக்காந்திருந்தேன்."

"நீ இன்னாக்கா பண்ணுவ? நானு தட்டலயே" என்றாள் சித்தி.

கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மா பிழைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். சித்தி நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். அவளும் அந்த வரிசைக்காரிதானே. கிண்ணத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளாகவே சொன்னாள்.

"மொதல்ல உன் மொறச் சத்தம்தான்க்கா கேட்டுது. அப்புறம் எல்லா வூட்டுலயும் இடிக்க ஆரம்பிச்சாங்க. அப்பவே தெரிஞ்சிபோச்சி, எல்லாருக்கும் கேட்டுடுச்சி, யாரும் வரமாட்டாங்கன்னு. அதுக்கப்புறம் கூப்புடல."

முதலில் சுற்றியது ஆட்டுக்கல்தான் என்று எனக்கு நினைவு. ஆனால் எங்கள் சுவர் அவளுக்குப் பக்கம். அவள் காதில் முதலில் விழுந்தது அம்மாவின் முறம்தான் போலிருக்கிறது. களி ஆறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு சுவருக்கு மேலே சித்தி வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. பாட்டு இல்லை, இருமல் இல்லை, பாத்திரம் வைக்கிற ஓசை கூட இல்லை. ஒரு மனுஷி இவ்வளவு சத்தமில்லாமல் வாழ முடியுமா என்று எனக்குப் பயமாக இருக்கும். அம்மா தினமும் மத்தியானம் செம்பை எடுத்துச் சுவரைத் தட்டுவாள். தட்டிவிட்டுக் காத்திருப்பாள். மறுபடி தட்டுவாள். அப்பா, "வுடும்மா, அவ தூங்குவா" என்பார். அவள் தூங்கவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். சில மாதங்களில் சித்தப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. சாமான் ஏற்றும்போது சித்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல்தான்.

அறுபதுகளில் அப்பா ஊரில் தம் பங்கைப் பிரித்துக்கொண்டு திண்டிவனத்தில் ஒரு சின்ன மனை வாங்கினார். சொந்த வீடு. நாலு பக்கமும் ஜன்னல் வைக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னான், வைத்தோம். தெருவைப் பார்த்த வாசல், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே வண்டி போகிற அளவு இடைவெளி. பகலில் அம்மா சமையலறையில் தனியாக நின்று எதிரொலி கேட்கப் பேசிப் பார்க்கலாம், ஒரு ஈ காக்காய்க்கும் கேட்காது. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். வீடு மாறினால் மனிதர்களும் மாறிவிடுவார்கள் என்று நினைக்கிற வயது.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது அம்மா கொத்தனாரிடம் போய் நின்றாள்.

"இத்தோட நிறுத்திடுங்க. ஓடு வரைக்கும் ஏத்த வாணாம்."

"இன்னாம்மா இது, புது வூட்டுக்கு நடுவுல குட்டிச்செவுரா?" என்று கொத்தனார் சிரித்தார். அப்பாவைப் பார்த்தார்.

"யாராச்சும் கூப்ட்டா கேக்கணும்" என்றாள் அம்மா.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சுவர் அங்கேயே நின்றது. வீடு பார்க்க வந்தவர்களெல்லாம் செங்கல் தீர்ந்துபோயிற்றா என்று கேலி செய்தார்கள். அண்ணனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் கூட அந்தச் சுவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

யாரும் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் இருந்தது நாங்கள் மட்டும்தான், நாங்களோ கூப்பிடுவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. எங்களுக்கென்று இருந்த வீட்டில், நாலு ஜன்னலுக்கு நடுவே, நாங்கள் இன்னமும் புருவத்தால்தான் பேசினோம்.

ஒரு நாள் மத்தியானம். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ரேடியோவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தான். நான் திருமணமாகி முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தேன், எனக்கும் ஏழாம் மாதம். மறுநாளைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அம்மா தனியாக இருந்தாள். என் வயிற்றைப் பார்ப்பதையே அவள் சில நாட்களாகத் தவிர்த்து வந்தாள்.

அந்தக் குட்டிச்சுவருக்கு மேலே அவளுடைய அழுகை வந்தது. முதலில் மூச்சு மாதிரி. பிறகு வார்த்தை எதுவும் இல்லாமல், அடக்க முடியாமல், பெரிதாக. எத்தனையோ வருஷத்து அழுகை. என் அம்மா சத்தம் போட்டு அழுவதை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம். கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து நாலடி வைத்தால் அவள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு எழத்தான் தோன்றியது, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் தட்டட்டும் என்று காத்திருந்தது போல உட்கார்ந்திருந்தேன்.

அப்பா பேப்பரை உதறிச் சத்தமாக மடித்தார். அண்ணன் ரேடியோவைத் திருகினான். என் கை தானாக முறத்தை எடுத்தது. பருப்பை அள்ளிப் போட்டுப் புடைக்கத் தொடங்கினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றுவிட்டது.